ஒரே கேள்விக்கு இரண்டு பதில்

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ரயில்வே வீடுகளை ஒட்டியிருந்த பெண்கள் பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். அப்போதுதான் ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி அங்கே வந்தார். இங்கிலாந்தில் ஒரு கல்லூரியில் மனோதத்துவம் கற்பிப்பவர். ஒரு மனிதரின் நடத்தையில் அவர் பிறந்து வளர்ந்த சமூகத்தின் பங்கு எவ்வளவு, அவருடைய சொந்த மனத்தின் பங்கு எவ்வளவு என்பது அவருடைய ஆராய்ச்சி. தமிழ்ப் பெண்களிடம் பேச, மொழிபெயர்க்க அவருக்கு ஆள் தேவைப்பட்டது. தலைமையாசிரியை என்னைக் கைகாட்டிவிட்டார்.

துரைசாணி சின்னச் சின்னக் கதைகள் சொல்வார். "இந்த இடத்தில் அந்தப் பெண் என்ன செய்வாள்?" என்று கேட்பார். முதலில் வீட்டில், எல்லோரும் இருக்கும்போது. சில நாள் கழித்து அதே கேள்வியை, பள்ளி விட்ட பிறகு, காலி வகுப்பறையில் தனியாகக் கேட்பார். இரண்டு பதிலும் எங்கே வேறுபடுகின்றன என்பதுதான் அவருக்கு வேண்டும்.

தனியாக யாரும் வரவில்லை என்பதுதான் முதல் சிக்கல். ஒருத்தி நாத்தனாரோடு வந்தாள். இன்னொருத்தியின் மாமியார் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, கேள்வி காதில் விழுந்ததும் பதிலை உள்ளே அனுப்பினார். மொழியும் படுத்தியது. "உனக்கு என்ன வேணும்?" என்று நான் கேட்டால், "ஒண்ணும் வேணாம் டீச்சர், இப்பத்தான் சாப்பிட்டு வந்தேன்" என்றார்கள். வேறு எப்படிக் கேட்பது என்று எனக்கும் தெரியவில்லை. ஒருநாள் துரைசாணி அந்தக் கேள்வியை என் பக்கமே திருப்பினார். எனக்கு என்ன வேண்டும் என்று யோசித்தால், அப்பா என்ன சொல்வாரோ என்று அவர் முகம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. அப்படியே சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார்.

ரயில் இஞ்சினில் கரி தள்ளும் ஒருவரின் வீட்டுக்கு ஒரு நாள் போனோம். அவர், மனைவி, பிள்ளைகள். கூடவே புருஷனை இழந்த அவர் தங்கையும் அவள் மகளும். தங்கையின் புருஷன் ரப்பர் தோட்டத்தில் காய்ச்சல் கண்டு இறந்திருந்தார். மகள் எங்கள் பள்ளியில் கடைசி வகுப்பு.

அன்றைய கதை இது: ஒரு பெண்ணுக்கு இருக்கும் இடம் பிடித்திருக்கிறது. தூரத்திலிருந்து சொந்தக்காரர்கள் அவளை வரச் சொல்கிறார்கள். போவாளா?

அண்ணன் பாயில் உட்கார்ந்திருந்தார். தங்கை சமையற்கட்டு வாசலில் நின்றாள். "பெரியவங்க சொன்னா போகவேண்டியதுதான்" என்றாள்.

"அதானே மரியாத" என்றார் அண்ணன்.

சில நாள் கழித்து, மகளைக் கூட்டிப்போக வந்த தங்கை வகுப்பறைக்குத் தானாகவே வந்தாள். துணைக்கு யாருமில்லை. துரைசாணிக்கு ஒரே மகிழ்ச்சி. நான் அதே கதையைச் சொன்னேன்.

"போகமாட்டா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அவ இல்ல டீச்சர். நான்" என்றாள்.

அப்புறம்தான் விஷயம் வந்தது. ஊரிலிருந்து மாமியார் அவளையும் பேத்தியையும் அனுப்பச் சொல்லியிருந்தார். அண்ணன் நாகப்பட்டினம் போகும் கப்பலில் இடம் விசாரித்துக்கொண்டிருந்தார். "அங்க போனா இவளப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டாங்க. எனக்கும் மூலையில உக்கார்றதுதான் வேல" என்றாள்.

துரைசாணி என்னைக் கேட்கச் சொன்னார்: இரண்டில் எது உண்மையான பதில்?

"ரெண்டும்தான். அண்ணன் மனசு நோகக்கூடாதுன்னு நெனைக்கிறதும் நான்தானே" என்றாள். நான் ஆங்கிலத்தில் சொல்லிமுடிப்பதற்குள் என் பக்கம் திரும்பி, "வெள்ளைக்காரம்மாவுக்கு நான் சொல்றத எடுத்துச் சொல்றீங்கள்ல? எங்க அண்ணனுக்கும் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க டீச்சர்" என்றாள்.

இதை மட்டும் மொழிபெயர்க்கக் கொஞ்சம் தயங்கினேன். பிறகு சொன்னேன். துரைசாணி தலையசைத்து மறுத்தார். நாம் பார்க்க வந்தவர்கள், மாற்ற வந்தவர்கள் அல்ல, அண்ணனிடம் போய்ப் பேசினால் ஆராய்ச்சி கெட்டுவிடும் என்றார். அவர் கோணத்தில் அது சரிதான். ஆனால் அவர் ஊர் திரும்பிவிடுவார். நான் தினமும் அந்த வீட்டைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போகவேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமையே போனேன்.

"வாங்க டீச்சர்" என்று அண்ணன் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் சுற்றிவளைக்கவில்லை. "அண்ணே, ஒங்க தங்கச்சிக்கு ஊருக்குப் போக இஷ்டமில்ல" என்றேன்.

அவர் முகம் மாறியது. "யார் சொன்னா? சாயங்காலமானா அழுதுக்கிட்டு இருக்கா. ஊர் ஞாபகம், வாய்விட்டுக் கேக்க வெக்கப்படுறான்னு நெனச்சுத்தான் நானே கப்பலுக்கு அலையுறேன்."

உள்ளேயிருந்து தங்கையின் குரல் வந்தது. "நீங்க அலையுறதப் பாத்துத்தான் அழுதேன்."

பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டு அப்போதுதான் கூடையோடு வந்த அவர் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "எடம் பத்தலதான். கால நீட்டிப் படுக்க முடியலதான். அதுக்காகப் போன்னு யாராச்சும் சொன்னமா? நீதானம்மா சரி சரின்னு தலையாட்டுன!"

"வேணாம்னா நீங்க என்ன நெனப்பீங்களோன்னுதான் அண்ணி."

எல்லோருக்கும் நிம்மதிதான் என்று நினைத்தேன். அண்ணனுக்கு அப்படியில்லை. "கூடப் பொறந்தவன்கிட்ட சொல்லாதத ஊரார்கிட்ட சொல்லியிருக்கா" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கப்பல் பேச்சு அன்றோடு நின்றது. தங்கையோடு பேச்சும் நின்றது.

திங்கட்கிழமை துரைசாணியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. அந்தப் பெண்ணின் பதில்களை மட்டும் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார். எனக்கு அது உறுத்தியது. அவர் கேட்ட கேள்விக்கு அவ்வளவு தெளிவாக வேறு யாரும் பதில் சொல்லவில்லை.

அதற்குள் செய்தி ரயில்வே வீடுகள் முழுக்கப் பரவிவிட்டது. சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். சிலர் தனியாக வரத் தொடங்கினார்கள். ஆனால் கதை கேட்க இல்லை. "எங்க வீட்டுக்காரர்கிட்டயும் ஒரு வார்த்த எடுத்துச் சொல்லுங்க டீச்சர்" என்று கேட்க. இனி இங்கே ஆராய்ச்சி நடக்காது என்று துரைசாணிக்குத் தெரிந்துவிட்டது. மீதி வேலையை வேறு மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பக்கத்து ஊரான கிள்ளானில் முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார். போகும்போது எனக்குக் கைகொடுத்து, "உன்னைத்தான் நான் ஆராய்ந்திருக்க வேண்டும்" என்றார். பாராட்டா குறையா என்று இன்றும் தெரியவில்லை.

அண்ணன் முகங்கொடுக்காத வீட்டில் இருக்க மனமில்லாமல் வேலை தேடிய தங்கைக்குக் கிள்ளான் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கிடைத்தது. மகளை அங்கே ஒரு பள்ளியில் சேர்த்து, ஓர் அறை எடுத்துத் தங்கினாள். அண்ணன் பல மாதம் எட்டிப்பார்க்கவில்லை. பிறகு கிள்ளான் பாதையில் அவருக்கு வேலை விழும் நாள்களில் அவளே ஸ்டேஷனுக்குச் சாப்பாடு கொண்டுபோகத் தொடங்கினாள் என்று கேள்விப்பட்டேன்.

ஒருமுறை நானே அந்த ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். இறங்கி நடக்கும்போது இஞ்சினருகே அவள் நிற்பதைப் பார்த்தேன். மேலே கரி அப்பிய முகத்தோடு அண்ணன். "மருந்து வாங்கிக் குடிச்சீங்களா இல்லியா? இருமலு இந்த மூலைக்குக் கேக்குது" என்று பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கும்படி அதட்டிக்கொண்டிருந்தாள்.

"சரி சரி, குடிக்கிறேன். வண்டி கெளம்புது, தள்ளி நில்லு" என்றார் அவர்.