லாசியெம் புல்லறுக்கப் போன பாதை

"பூவ எங்க போடறது, பொண்ணே?" என்று பாக் பர்ஜோனோ கேட்டார். 'பாக்' என்றால் எங்கள் பக்கம் 'ஐயா'. நோன்பு மாதத்துக்கு முன்பு எங்கள் மெராபி எரிமலைச் சரிவில் எல்லோரும் கல்லறைகளைச் சுத்தம் செய்து பூத் தூவுவோம். அவர் கையிலும் வாழையிலை நிறைய ரோஜா இதழ்கள். அவர் மனைவி லாசியெமுக்குத்தான் கல்லறை இல்லை.

பள்ளி முடித்ததிலிருந்து மணல் லாரிகள் போகும் பாதையில் காப்பிக்கடை நடத்துகிறேன். அவர் தினமும் வருவார். ஊர் முழுக்கக் கீழே புதுக் குடியிருப்புக்குப் போய்விட்டது. அவர் மட்டும் மேலே, சாம்பலில் புதைந்த வீட்டின் மேல் தகரம் போட்டு, ஒரு மாட்டோடு இருக்கிறார்.

மலை குமுறத் தொடங்கியதிலிருந்து ஊரே முகாமில் இருந்தது. மாடுகள் மேலேயே நின்றன. அவற்றைப் பட்டினி போட மனம் வராமல், காலையில் ஏறிப் புல்லறுத்துப் போட்டுவிட்டு இறங்குவார்கள். காட்டுக் குரங்குகள் கூட்டமாக இறங்கி வந்தால்தான் ஆபத்து என்பது எங்களவர்கள் நம்பிக்கை. மலை வெடித்த அன்று பாக் பர்ஜோனோவுக்குக் கால் சுளுக்கு. லாசியெம் அரிவாளை எடுத்தபோது அவர்தான் சொன்னாராம்: "கொரங்கே எறங்கலியே, போயிட்டு வா."

குரங்குகள் மலையின் மறுபக்கம் இறங்கியிருந்தன. அது பிறகுதான் தெரிந்தது. மதியத்துக்குள் நெருப்பு மேகம் உருண்டு வந்துவிட்டது. மூங்கில்கள் நின்றபடியே கருகின. ஆறு மணலால் மூடிப்போனது.

ஊருக்கு மேலே பாதை இரண்டாகப் பிரியும். பைன் காட்டுப் பக்கம் போனவர்களை அடையாளம் தெரியாமல் ஒரே குழியில் புதைத்தார்கள். ஆற்றுப் பக்கம் போனவர்கள் மணலுக்கு அடியில். லாசியெம் எந்தப் பக்கம் திரும்பினார் என்று பார்த்தவர் யாரும் கிடைக்கவில்லை.

அதனால் ஆற்று மணல் அள்ள வரும் ஒவ்வொரு லாரி ஓட்டுநரிடமும் அவர் கேட்பார். "தம்பி, தோண்டறப்ப அரிவா ஏதாச்சும் வந்துச்சா?"

ஹெரு என்ற ஓட்டுநர் சீண்டுவான். "அரிவா வரல, பாக். பொண்ணு வேணா பாக்கட்டுமா? எத்தன நாளைக்கு மாட்டு மூஞ்சியவே பாப்பீங்க?"

"ஒன் மூஞ்சிக்கு அது தேவலடா. ஓயாமப் பேசாது."

எல்லோரும் சிரிப்போம். பிறகு லாரிகள் கீழே போகும், அவர் மட்டும் மேலே ஏறுவார்.

இந்த ஆண்டு அவர் பூவோடு வந்து அப்படிக் கேட்டபோது நான் சொன்னேன்: "ரெண்டு எடத்துலயும் பாதிப் பாதி போடுங்களேன், பாக்."

"பாதி தப்பான எடத்துக்குல்ல போவும்? அவளுக்கு மொத்தமும் வேணும்."

ஆற்றோரம் போய் வெகுநேரம் நின்றார். லாரிகள் அவரைச் சுற்றிக்கொண்டு போயின. வதங்கிய பூவோடு அப்படியே திரும்பி வந்தார். காப்பி வேண்டாம் என்றார்.

அன்று காலை மேலே புல்லறுத்து உயிர் தப்பிய யாரோ எங்கேயாவது இருக்கலாம். லாசியெம் குள்ளமான பெண், நீலத் தலைத்துணி, தோளில் காலிக் கூடை. அவர் எந்தப் பாதையில் திரும்பினார்? உங்களுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இதை இன்னொருவரிடம் சொல்லுங்கள், அவரையும் சொல்லச் சொல்லுங்கள்.