வெள்ளவத்தையிலிருந்து மட்டக்குளிக்கு, ஒரு போத்தல் பக்டீரியாவுடன்

போன செவ்வாய்க்கிழமை வெள்ளவத்தையிலிருந்து மட்டக்குளிக்கு ஒரு போத்தல் கலங்கல் தண்ணீர் கொண்டுபோனேன். பன்னிரண்டு கிலோமீற்றர்தான். சோதனைச் சாவடிகள் பெருகிவிட்ட இந்த நாட்களில் ஏதாவது திரவத்தோடு கொழும்பைக் கடக்க நினைப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு உதவலாம்.

போத்தலில் இருந்தவை வெள்ளவத்தைக் கால்வாய்ச் சேற்றிலிருந்து பிரித்து, எங்கள் ஆய்வுகூடத்தில் மாதக்கணக்காக வளர்த்த பக்டீரியாக்கள். கருத்தடை மாத்திரையிலுள்ள ஹோர்மோன் சிறுநீரோடு கழிவுநீருக்குப் போகிறது. அது சேரும் நீரில் ஆண் மீனுக்குள் முட்டை உருவாவதுண்டு. அந்த ஹோர்மோனை இவை தின்கின்றன. மட்டக்குளித் தொடர்மாடியொன்றின் கழிவுநீரிலும் தின்னுமா என்று பார்க்க வேண்டும். மின்வெட்டில் காற்றுப் பம்பி நின்று மற்றப் போத்தல்களில் இருந்தவை செத்துவிட்டன. மிஞ்சியது இந்த ஒன்றுதான். இதுவும் போனால் மறுபடி சேற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

காலை ஒன்பது மணிக்கு ஓட்டோ, ஐந்நூறு ரூபாய். பஸ் மலிவு, ஆனால் காற்றுக்காக மூடியைத் தளர்த்தி வைத்த போத்தலோடு நெரிசலில் நிற்க முடியாது. சாரதி ரொஷான், கொட்டாஞ்சேனைக்காரர்.

"என்னக்கா, பிள்ளையத் தூக்கிற மாதிரி வச்சிருக்கீங்க?"

"உயிருள்ள சாமான் தம்பி. மெதுவா ஓட்டுங்கோ."

கொட்டாஞ்சேனைச் சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். சிப்பாய் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுப் போத்தலைக் காட்டினார். "பீலா பென்னன்ன."

"குடிச்சுக் காட்டட்டாம்" என்றார் ரொஷான். வெடிமருந்தோ அமிலமோ இல்லையென்று அறிய, தண்ணீர் கொண்டுபோகும் எல்லோரிடமும் கேட்பதுதான்.

"ஏலாது. கக்கூஸ் தண்ணியில விடுற கிருமி எண்டு சொல்லுங்கோ."

ரொஷான் சொன்னார். சிப்பாய் மூடியைத் திறந்து மோந்து, முகம் சுளித்து, போத்தலைத் தெருவோரச் சாக்கடைக் கானுக்கு மேலே சரித்தார். நான் அவசரமாக என் அரைகுறைச் சிங்களத்தில் மீன் கதையைச் சொன்னேன். கை நின்றது. ஆண் மீனுக்குள்ளா என்று இரண்டு தரம் கேட்டார். தன் ஊர் ஆற்றிலும் அப்படியா என்றார். யாரும் சோதித்துப் பார்த்ததில்லை என்றேன். கொஞ்சம் யோசித்தார். பிறகு பாதியைக் கானில் ஊற்றி, புகைகிறதா என்று பார்த்துவிட்டு, மீதியைத் தந்தார்.

திரும்பி ஏறியதும் மிஞ்சியதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"விடுங்கக்கா," என்றார் ரொஷான். "அதுகளுக்கு இந்தக் கானுக்குள்ளயும் சாப்பாடு கிடக்குத்தானே."

பத்தேகாலுக்கு மட்டக்குளி. மிஞ்சிய பாதியைச் சோதனைத் தொட்டியில் விட்டோம். பெருகக்கூடியவை, பெருகினால் பாதியே போதும். விடை தெரியச் சில கிழமையாகும்.

குடிக்க முடியாததைக் கொண்டுபோகிறவர்கள் சிங்களத்தில் ஒரு கடிதம் வைத்திருங்கள். போத்தல் ஒன்றல்ல, இரண்டாக இருக்கட்டும்.

நேற்று வேறு வேலையாக அதே வழியால் போனேன். என்னை அடையாளம் கண்டுகொண்ட அந்தச் சிப்பாய், கானைக் காட்டி, "தின்கின்றனவா?" என்று சிங்களத்தில் கேட்டார். தொட்டியில் மட்டும்தான் அளக்கிறோம், இங்கே யாரும் அளக்கவில்லை என்றேன். அவர் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.