கையொப்பத்துக்குக் கீழே ஒட்டிய ஒரு வரி

எங்கள் கிட்வாய் நகர் தமிழர் சங்கத்துக்கு ஒரு மெயில் குழு இருக்கிறது. யார் எதை அனுப்பினாலும் அதன் அடியில் "தமிழால் இணைவோம், இவண் செயலாளர்" என்ற வரி தானாக ஒட்டிக்கொள்ளும். செயலாளரின் ஏற்பாடு.

போன மாதம், "சங்கத் தேர்தலை ஏன் நடத்தவில்லை?" என்று டிஜிட்டல் கையொப்பமிட்டு எழுதினேன். அந்த வரி ஒட்டியதும், "கையொப்பமிட்ட பிறகு இந்த மெயில் மாற்றப்பட்டுள்ளது" என்று எல்லோருக்கும் சிவப்பு எச்சரிக்கை போனது.

செயலாளர் உடனே குழுவில் எழுதினார்: "இந்த மெயில் போலி. யாரும் நம்ப வேண்டாம்."

கையொப்பமிட்ட மெயிலில் குழு கை வைக்கக்கூடாது, அந்த வரியை நீக்குவது எப்படி என்றெல்லாம் விளக்கி அவருக்குத் தனியாக எழுதினேன்.

"முப்பது வருஷம் ஃபைல் பார்த்தவன்மா நான். எனக்கே பாடமா?" என்று போனில் சிரித்தார்.

காத்திருந்தேன்.

இன்று காலை அவரே தேர்தலை அறிவித்தார், தான் மறுபடி நிற்பதாகவும். புதிதாக வாங்கிய டிஜிட்டல் கையொப்பத்தோடு! அடியில் அதே வரி. மேலே அதே சிவப்பு.

போன மாதம் என் மெயிலுக்கு அவர் எழுதிய இரண்டு வாக்கியங்களையும் ஓர் எழுத்துகூட மாற்றாமல் எல்லோருக்கும் அனுப்பினேன்.

ஐந்தாவது நிமிடம் போன். "ஏம்மா, நான் அனுப்பினதுதான்மா அது! அந்த வரிய எப்படி எடுக்கிறது? ஜல்தி சொல்லும்மா!"

"போன மாசமே எழுதியிருக்கேனே சார். போலின்னு நினைக்காம படிச்சுப் பாருங்க."

நான் செய்தது அதிகமா? கீழே சொல்லுங்கள். நீங்கள் எழுதுவதில் நான் எதையும் ஒட்ட மாட்டேன்.