கப்பல் தூக்கியின் நெற்றியில் குங்குமம்

பிள்ளைகளே, எனக்குப் பத்து வயதானபோது, நாங்கள் ஊரைவிட்டு வந்து குடியேறிய ஒனிஹங்காவில், எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் அமெரிக்கக் கிழவர் இருந்தார். அவருடைய அப்பா, படக்கதைப் புத்தகங்கள் முதல்முதலாக வரத் தொடங்கிய காலத்தில் அவற்றுக்குப் படம் கீறியவர். இதைக் கேட்ட நாளிலிருந்து நான் அந்த வேலியை விட்டு நகரவில்லை.

அந்த அப்பா பதினைந்து வயதில் வேலைக்குப் போனாராம். முதலில் மற்றவர்கள் கீறிய பக்கங்களில் பென்சில் கோட்டை அழிக்கிற வேலை. பிறகு இரவு வானத்துக்குக் கறுப்பு மை நிரப்புகிற வேலை. அதற்கும் பிறகுதான் வீரர்களைக் கீற விட்டார்களாம். ஒரு புத்தகத்திலும் அவர் பெயர் இல்லை. கடைசியில், இவை பிள்ளைகளைக் கெடுக்கிற குப்பை என்று ஊர் கூடி எரித்ததாம். அவரும் சவர்க்கார விளம்பரம் கீறப் போய்விட்டார். யாராவது கேட்டால், படக்கதை கீறியதைச் சொல்லவே மாட்டாராம்.

ஒருநாள் கிழவர் ஒரு புத்தகத்தை எனக்கு இரவல் தந்தார். அவர் அப்பா கீறி, தன் கையாலேயே அவருக்குக் கொடுத்தது. அட்டையில் ஒருவன் கப்பலை ஒற்றைக் கையால் தூக்கி நின்றான். கப்பலின் ஒவ்வோர் ஆணியும் தெரிந்தது. ஒரு மனிதக் கை இவ்வளவையும் கீறுமா என்று எனக்கு மூச்சே நின்றுவிட்டது. கையைக் கழுவிவிட்டுத் தொடு, ஒரு கீறல் விழக்கூடாது என்று சொல்லி, பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தந்தார்.

அந்தக் கிழமை சரஸ்வதி பூசை. அம்மா என் பள்ளிப் புத்தகங்கள், அக்காவின் அகராதி, அப்பாவின் வீதிச் சட்டப் புத்தகம், தேவாரம் எல்லாவற்றையும் படத்தின் முன் அடுக்கினார். என் தலையணைக்குக் கீழிருந்ததையும் எடுத்து, உறையைக் கழற்றி, கப்பல் தூக்கியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார்.

"ஐயோ அம்மா, இது அந்தாள்ட புத்தகம்!"

"ஆரின்ர புத்தகமெண்டா என்ன? புத்தகம்தானே. தொடாதை, நாளைக்குக் காலமைதான் எடுக்கலாம்."

"உன்னைப் பொலிசில குடுக்கப்போறார்," என்றார் அக்கா, மிகுந்த சந்தோசத்தோடு.

மறுநாள் புத்தகத்தோடு அப்பாவின் பின்னால் ஒளிந்துகொண்டு கிழவர் வீட்டுக்குப் போனேன். வருடத்தில் ஒருநாள் நாங்கள் புத்தகங்களைக் கும்பிடுவோம், மனைவி தெரியாமல் வைத்துவிட்டார், மன்னிக்க வேண்டும் என்று அப்பா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். கிழவர் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். எந்தப் புத்தகங்களோடு வைத்தீர்கள் என்று கேட்டார். பள்ளிப் புத்தகங்கள், அகராதி, தேவாரம் என்றார் அப்பா. கிழவர் திரும்பி உள்ளே போனார். பொலிசுக்குத்தான் போன் எடுக்கிறார் என்று நினைத்து அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு பெட்டி இருந்தது. இன்னும் பதினொன்று இருக்கின்றன, அடுத்த வருடமும் இந்தப் பூசை உண்டா என்று கேட்டார்.

அடுத்த வருடம் அவரே பெட்டியைத் தூக்கி வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். அம்மா ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துத் தேவாரத்தின் பக்கத்தில் அடுக்கினார். எனக்கோ ஒரே கோபம். கண்முன்னே இத்தனை படக்கதைகள், பூசையில் வைத்ததால் ஒன்றையும் அன்றைக்கு வாசிக்க முடியாது! கிழவர் கைகட்டி நின்று பார்த்தபடியே இருந்தார். பிறகு கண்ணைத் துடைத்தார்.

சாம்பிராணிப் புகை கண்ணில் பட்டுவிட்டதென்று நினைத்து, நான் ஓடிப்போய் யன்னலைத் திறந்துவிட்டேன்.