அணில் பெட்டிக்குப் போட்ட மூடி

நமுனுகுல பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் நானும் கணவரும் வேலை செய்கிறோம். மகள் கொழும்புக்கு வேலைக்குப் போனபின் வீடு வெறிச்சென்றானது. அவர் சவுக்குப் பலகையில் அணில்களுக்கு ஊஞ்சலும் தீனிப் பெட்டியும் செய்து, நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னாலிருந்த கொய்யா மரத்தில் கட்டினார். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவின் பெயரையே அந்தப் பெட்டிக்கும் வைத்தார். ஓர் அணில் தன் குட்டியோடு தினமும் வரும்.

பெட்டியில் வைத்த கச்சான் கடலை மழையில் ஊறிப்போவதைப் பார்த்து, "ஒரு மூடி போட்டுடுங்களேன்" என்றேன். காய்ந்த பலகையில் கச்சிதமாக, தானாக விழுந்து மூடிக்கொள்ளும் ஒரு மூடி செய்தார். தாய் அணில் அதைத் தலையால் முட்டித் திறந்ததும் எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் நாங்கள் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போனபின் பிடித்த மழை, மாலை வரை விடவில்லை. வேலை முடிந்து வந்தால், தாய் அணில் மூடியின்மேல் நனைந்து உட்கார்ந்திருந்தது. எங்களைக் கண்டும் ஓடவில்லை. மூடியின் ஓரமெல்லாம் பல் தடம். அவர் உளி விட்டு நெம்பித்தான் திறந்தார். உள்ளே கச்சானுக்கு நடுவே குட்டி செத்துக் கிடந்தது.

"மழை பெஞ்சா நம்ம கதவே ஊதி இறுகிக்கும். தோளால முட்டித்தானே தொறக்குறோம். இதுக்கு மட்டும் தோணலையே புள்ள" என்றார்.

இப்போது அந்தப் பெட்டிக்கு நாங்கள் மூடி போடுவதில்லை. கச்சான் நனைந்தால் கொட்டிவிட்டு வேறு வைக்கிறேன். பெட்டியை அவர் வெறும் பெட்டி என்றுதான் சொல்கிறார்.