ஓட்டுக்கணவாய் அந்தோணிராஜ்

"மைப்பையில நகம் பட்டுச்சோ, பிறவு இந்தக் குழாயடியில எல்லாவனும் ஒரே நெறம்தான்" என்று எச்சரித்துவிட்டு, கணவாய் மீனின் வயிற்றுக்குள் ஒரு விரலை விடுகிறார் அந்தோணிராஜ். ஒரகடத்தில் கம்பெனி ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட அறைகள். அத்தனைக்கும் பொதுவாக ஒரு குழாய். ஞாயிற்றுக்கிழமை காலை என்பதால் துணி துவைக்கும் கூட்டம். அவரவர் யூனிஃபாரத்தை இரண்டடி தள்ளி வைத்துக்கொள்கிறார்கள். விரல் வெளியே வரும்போது அதன் நுனியில் வெள்ளிபோல மின்னும் சிறு பை ஒன்று, சொட்டுச் சிந்தாமல் தொங்குகிறது.

அடுத்து முதுகை அழுத்தி உள்ளிருக்கும் ஓட்டைப் பிதுக்குகிறார். பொம்மைப் படகு மாதிரி வெள்ளையாக வழுக்கி வருகிறது. "இது எலும்பில்லலே காசி, சுண்ணாம்பு. உள்ள பூரா குட்டிக் குட்டி ரூம்பு. ரூம்புல தண்ணி ஏறுனா கணவாய் கீழ போவும், தண்ணி எறங்குனா மேல வரும். நம்மள மாதிரி ஒரு ரூம்புக்கு ஆறு பேர அடைக்காது."

காசிராஜன் அவருடைய அறைத்தோழர். திருநெல்வேலிப் பக்கம். பசி பொறுக்காதவர். "பாடத்தச் சுருக்குங்கண்ணே. கொழம்பு எப்பம் கொதிக்கும்?"

"இரு. இதுக்கு இதயம் எத்தனன்னு சொல்லு பாப்போம். மூணு!"

"சர்தான். ஒண்ணு பகல் ஷிப்டுக்கு, ஒண்ணு நைட்டுக்கு, ஒண்ணு ஓ.டி.க்கு."

"செவுளுக்கு ரெண்டு, உடம்புக்கு ஒண்ணு. ரத்தமும் நீலம்."

இதெல்லாம் தூத்துக்குடியில் படித்த படிப்பு. அங்கே கடல் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் தொட்டி கழுவும் வேலை பார்த்தார். மூன்று வருடத்துக்கு முன் ஒரகடம் வந்தபோது பெட்டியில் இரண்டு சட்டை. மற்றபடி கொண்டுவந்தது கணவாய்தான். கம்பெனி பஸ் வரத் தாமதமானால் போதும், கணவாய் நண்டு பிடிக்கும் விதத்தை நடித்துக் காட்டுவார். முதலில் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி மெல்ல ஆட்டுவார். பிறகு கண்களை அகட்டி, உடம்பில் கறுப்பு வரிகள் அலை அலையாக ஓடுவதைத் தோளைக் குலுக்கிக் காட்டுவார். "நண்டு வாயப் பொளந்துக்கிட்டுப் படம் பாக்கும். இடைவேளை வராது." சொல்லி முடிப்பதற்குள் இரண்டு கைகளும் பாய்ந்து எதிரே நிற்பவரின் டிபன் பாக்ஸைப் பறித்துவிடும்.

நிறம் மாறுவதைப் பற்றிக் கேட்டால் மட்டும் குரல் தாழ்ந்துவிடும். மணலில் கிடந்தால் மணலாகவும் பாறையருகே பாறையாகவும் கண் இமைப்பதற்குள் மாறும் அந்தப் பிராணிக்கு நிறமே தெரியாது. வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்தே சமாளிக்கிறது. ஆராய்ச்சிக்கூடத்து மேடம் இதைச் சோதிக்கக் கறுப்புக் கல்லையும் வெள்ளைக் கல்லையும் தொட்டியில் கலந்து பரப்பினார். கணவாய் தன் முதுகில் வெள்ளைத் திட்டுகளைப் போட்டுக்கொண்டது. பிறகு ஒரே அளவு மங்கலான சிவப்பும் பச்சையும் கலந்து பரப்பினார். கணவாய் ஒரே சாயலில் சும்மா கிடந்தது. தொட்டிக்குள் குனிந்து பார்த்த அந்தோணிராஜ் கேட்டாராம்: "இந்தத் தடவ ஏன் மேடம் ஒரே கல்லாப் போட்டிருக்கிய?"

மேடம் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அந்தோணிராஜும் சேர்ந்து சிரித்தார். அன்று இரவு முழுக்க அவருக்குத் தூக்கம் வரவில்லை. சிவப்பும் பச்சையும் அவர் கண்ணுக்கு ஒரே களிமண்.

அப்படிப்பட்டவருக்கு ஒரகடத்தில் கிடைத்தது லாரிகளுக்கு வயர்க்கட்டு செய்யும் கம்பெனி வேலை. நகரும் பலகை ஒன்று முன்னால் வரும். ஒவ்வொரு வயரையும் அதனதன் துளையில் சொருக வேண்டும். சிவப்பு, பிரேக் விளக்குக்கு. பச்சை, வலது இண்டிகேட்டருக்கு. மாறிப்போனால், டிரைவர் பிரேக்கை மிதிக்கும்போது லாரி வலப்பக்கம் கைகாட்டும். அந்தோணிராஜ் நிறத்தைப் பார்க்கவே இல்லை. மேல் வரிசையில் மூன்றாவது வயர்ப்பெட்டி பிரேக், அதற்குக் கீழே இருப்பது இண்டிகேட்டர் என்று இடத்தை மனப்பாடம் செய்துகொண்டார். மூன்று வருடத்தில் அவர் கட்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. விஷயம் தெரிந்தவர் காசிராஜன் மட்டும். "லிஸ்ட்டு வரட்டும்ணே, அதுவரைக்கும் கணவாயாட்டம் கெடங்க" என்பார். அந்த மாதக் கடைசியில் பர்மனன்ட் ஆகிறவர்களின் பட்டியல் வரவிருந்தது.

அதற்குள் ஃபைவ் எஸ் வந்தது. கண்ட பொருளையும் கண்ட இடத்தில் வைக்காமல் ஒழுங்குபடுத்தும் திருவிழா. திங்கட்கிழமை வெளிநாட்டு விருந்தினர் வருகிறார்கள் என்று, ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.க்கு வந்த குழு தரையைக் கழுவிக் கோடு போட்டு, பெட்டிகளைப் பார்க்க அழகாக மாற்றி அடுக்கிவிட்டுப் போனது.

திங்கள் காலை பலகை நகர்ந்து வந்தது. அந்தோணிராஜின் கை மேல் வரிசைக்குப் போய் நடுவழியில் நின்றது. அங்கே கறுப்பு. சிவப்பும் பச்சையும் ஓரத்தில் பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகளில், அவருக்கு இரட்டைப் பிள்ளைகளாக இருந்தன. குத்துமதிப்பாக ஒன்றை எடுத்துச் சொருகினார். அடுத்த பலகையில் வேலை செய்யும் லிசா, உள்ளூர்ப் பெண், திரும்பிப் பார்த்தாள். "இன்னாண்ணா, ஒடம்பு சரியில்லியா? இப்டி வேர்க்குது?"

தலைக்கு மேலே ஒரு கயிறு உண்டு. இழுத்தால் மணி அடித்து லைன் நின்றுவிடும். விருந்தினர் வரும் நாளில் அதைத் தொடுகிறவன் பட்டியலை மறந்துவிட வேண்டியதுதான். அந்தோணிராஜ் ஒரு முறை கண்ணை மூடித் திறந்தார். கயிற்றை இழுத்தார்.

சூப்பர்வைசர் இராமச்சந்திரன் ஓடி வந்தார். "யோவ், இன்னாய்யா பண்ணிகினு கீற? கெஸ்ட்டு வாசலாண்ட வந்துட்டாங்கய்யா!"

"சார், எனக்குச் செவப்பும் பச்சையும் தெரியாது."

இராமச்சந்திரன் இரு பெட்டியிலிருந்தும் ஒவ்வொரு வயரை உருவி முகத்துக்கு நேரே பிடித்தார். "இது?"

"வயரு சார்."

"வெளாடாத. இது ரெண்டும்?"

"அண்ணன் தம்பி மாதிரி இருக்கு சார்."

லிசா வாயைப் பொத்திக்கொண்டாள். இராமச்சந்திரனுக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு பயம். "அப்போ மூணு வருசமா போன வண்டியெல்லாம்?"

"அதெல்லாம் சரியாத்தான் சார் இருக்கும். பொட்டி மாறலியே."

இராமச்சந்திரன் நெற்றியைத் தேய்த்தார். "டேப்பு சுத்துற எடத்துக்குப் போ. அங்க அல்லாமே கறுப்புதான். லிஸ்ட்ல உன் பேரு நிக்குமான்னு எனக்குத் தெரியாதுய்யா. ஆபீஸ்ல கேட்டா, அவனேதான் கயித்த இழுத்து உண்மைய சொன்னான்னு சொல்றேன். அவ்ளோதான் என்னால முடியும்."

அந்தோணிராஜ் உடனே போகவில்லை. பலகையில் பாதியில் நின்ற வயர்க்கட்டிலிருந்து, தான் கடைசியாகச் சொருகிய வயரை மெல்ல உருவினார். அதை இரு விரலால் பிடித்து, விருந்தினரின் காலடிச் சத்தம் வாசலில் கேட்கும்போதே, லிசாவிடம் நீட்டி, எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்.

"இது எந்தப் பொட்டி, தங்கச்சி?"