சாமான் நல்லம், வாங்க வேண்டாம்

என் மனைவி நகுலேஸ்வரி ஒரு பொருளை வாங்கலாமா வேண்டாமா என்று பார்க்கும்போது பக்கத்தில் நிற்பவருக்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது. ஆனாலும் போன வைகாசியில், லண்டன் நோர்பரியில் உள்ள றமணனின் கடையில் முக்கால் மணித்தியாலம் முணுமுணுக்காமல் நின்றேன். அவள் கையில் இருந்தது ஒரு பழைய ஸ்கானர். கைக்குள் அடங்கும் ரேடியோதான், ஆனால் பாட்டுக் கேட்பதற்கல்ல. காற்றில் யார் யார் எந்தச் சனலில் பேசுகிறார்கள் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்கும் கருவி. அதற்கு இருபத்தைந்து வயதாவது இருக்கும்.

வாங்க நினைத்தது நாங்கள் அல்ல, எங்கள் பிள்ளையார் கோயில். எங்களோடு வந்திருந்த ஞானேஸ்வரன் கோயில் தொண்டர்களுக்குப் பொறுப்பானவர். நல்ல மனிதர், ஆனால் புதுச் சாமான் என்றாலும் பழைய சாமான் என்றாலும் கண்டவுடன் வாங்கிவிடுவார். வரும் வழி முழுவதும் ரயிலில் அதன் புகழ்தான்.

நகுலா முதலில் பற்றரி மூடியைத் திறந்தாள். பற்றரி கசிந்து உள்ளே பச்சை பூத்திருந்தால் அத்தோடு பேச்சை முடித்திருப்பாள். பூக்கவில்லை. அன்ரனாவின் அடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். இரைச்சலை அடக்கும் குமிழைக் காதருகே வைத்து மெதுவாக, மிக மெதுவாகத் திருகினாள். பிறகு அத்தனை பொத்தான்களையும் ஒன்றும் விடாமல் அழுத்தினாள்.

"தம்பி, இது எத்தினை எத்தினையாய் ஏறும்?" என்று றமணனிடம் கேட்டாள்.

ஒரு சனலிலிருந்து அடுத்ததற்குத் தாவும் படியின் அளவைக் கேட்கிறாள். றமணன் ஜெர்மனியில் பதினைந்து வருடம் இருந்து, பிறகு லண்டனுக்கு வந்து பழைய மின்சாமான் விற்பவன். இதுவரை எந்த வாடிக்கையாளரும் அவனிடம் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். "அக்கா, நீங்கள் ஆர்?" என்றான்.

"பொலிஸ் கதைக்கிறது கேக்குமோ?" என்று இடையில் புகுந்தார் ஞானேஸ்வரன்.

"பொலிஸ் எப்பவோ டிஜிட்டலுக்குப் போட்டுது அண்ணை. இதிலை வெறும் இரைச்சல்தான் வரும். கேக்கச் சட்டமும் விடாது. அதுக்காக வாங்கிறதெண்டால் இப்பவே திரும்பிப் போவம்" என்றாள் நகுலா.

அவர் பக்கத்துத் தட்டில் இருந்த சாமான்களைப் பார்க்கப் போனார். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

அவள் யார் என்று றமணனுக்கு நான்தான் சொன்னேன். வால்தம்ஸ்டோவில் ஒரு மினிகப் (வாடகைக் கார்) அலுவலகத்தில் பதினேழு வருடம், ரேடியோவில் சாரதிகளை ஓட்டம் அனுப்பும் கொன்ட்ரோலராக இருந்தவள். முப்பத்தெட்டுச் சாரதிகள், ஒரே ஒரு மைக். பாகிஸ்தான்காரர், கானாக்காரர், துருக்கிக்காரர், நம்மவர் என்று எல்லோரும் அவளுக்கு இலக்கம் மட்டும்தான். இலக்கம் சொல்லாமல் பேசுபவனுக்கு அவள் பதில் சொல்லமாட்டாள். எவ்வளவு பெரிய சண்டியனும் முதலில் அலுவலகத்தைக் கூப்பிட்டுத் தன் இலக்கத்தைச் சொல்லி, "பேஸ், ஃபோர்ட்டீன்" என்று பணிவாகத்தான் தொடங்குவான். கைபேசிச் செயலிகள் வந்ததும் அந்த அலுவலகம் மூடப்பட்டது. இப்போது செவன் கிங்ஸில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். அங்கேயும் யாரும் வரிசையைக் குழப்புவதில்லை.

இந்த ஸ்கானர் விஷயத்துக்குக் காரணம் அதற்கு முந்தைய வருடத் தேர்த்திருவிழா. தொண்டர்கள் கையிலுள்ள வோக்கிடோக்கிகளுக்கு நடுவில் இருந்து எல்லாரையும் இணைக்கும் 'பேஸ்' வேலையை அந்த முறைதான் முதன்முதலாக நகுலாவிடம் கொடுத்தார்கள். தேர் தெருவில் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு அம்மா வெயிலில் மயங்கி விழுந்துவிட்டார். சக்கர நாற்காலி கேட்டு ஒரு தொண்டர் வோக்கியில் கூப்பிட்டார். நாற்காலி போனது வேறு மூலைக்கு. அந்த அம்மா இருபத்தைந்து நிமிடம் நடைபாதையில் கிடந்தார். பிழைத்துக்கொண்டார், கடவுள் புண்ணியம். ஆனால் நிர்வாகக் கூட்டத்தில், "பேஸில இருந்த பொம்பிளை பதட்டப்பட்டிட்டா" என்று தீர்ப்பு வந்தது. சொன்னவர் தலைவர் வாமதேவன். எழுபத்து நான்கு வயது, வெள்ளை வேட்டி, மற்றவர்கள் எதிர்த்துப் பேசாத குரல்.

நகுலா அன்று வீட்டுக்கு வந்து சமைத்தாள், சாப்பிட்டாள், படுத்துவிட்டாள். முப்பத்தெட்டுக் கார்களை லண்டன் முழுக்க ஓட வைத்தவளைப் பதட்டக்காரி என்றது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

ஆகவே ஞானேஸ்வரன் ஒரு யோசனையோடு வந்தபோது நான் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. எங்கள் வோக்கிகள் எங்கள் குழுவின் குரலை மட்டும் கேட்கும்படி பூட்டப்பட்டவை. அதே சனலில் வெளியார் யாராவது பேசினால் எங்கள் பேச்சு அமுங்கிப்போகும், ஆனால் எங்களுக்கு அது தெரியவே வராது. ஸ்கானருக்கு அந்தப் பூட்டு இல்லை, எல்லாவற்றையும் கேட்கும். பக்கத்தில் கட்டட வேலைக்காரர் யாரோ குறுக்கே பேசியிருக்கிறார்கள் என்று அதில் பிடித்துக்காட்டிவிட்டால், பிழை வெளியே போய்விடும். நகுலாவின் பெயரும் சுத்தமாகிவிடும். கோயிலுக்கும் மரியாதை.

றமணன் தொண்ணூறு பவுண்ஸ் சொன்னான். நகுலா, "ஒரு கிழமை தந்து பாருங்கோ, அதுக்குப் பிறகு சொல்லுறன்" என்றாள். அவன் அதன் தோல் உறையையும் சேர்த்தே ஒரு வாரத்துக்குக் கொடுத்தனுப்பினான்.

அடுத்த ஞாயிறு தொண்டர்களின் ஒத்திகை. அதே தெருக்கள், அதே நேரம், பதினான்கு வோக்கிகள். கோயில் மண்டபத்தில் நகுலா, கேட்பதற்காக மட்டும், ஒரு காதில் ஸ்கானரும் எதிரே குறிப்பெழுத ஒரு கொப்பியுமாக இருந்தாள். நான் தெருமூலையில் ஒரு வோக்கியோடு நின்றேன். ஒத்திகைக்காகத் தண்ணீர்ப் பெட்டிகளை அங்கும் இங்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கேட்டது இதுதான்.

"அண்ணை, கேக்குதோ?"

"ஓம் அண்ணை, சொல்லுங்கோ."

"தண்ணிப் பெட்டி ரெண்டு அனுப்புங்கோ அண்ணை."

"ஆர் அண்ணை?"

"நான்தான் அண்ணை!"

"ஆ, சரி அண்ணை, வருது."

பெட்டி இரண்டும் என்னிடம் வந்தன. நான் கேட்கவேயில்லை.

இரவு நகுலா கொப்பியை என் முன்னால் வைத்தாள். சனலில் வெளியார் ஒருவரும் இல்லை. காலையிலிருந்து ஸ்கானர் எங்கள் ஆட்களைத் தவிர வேறு குரலைப் பிடிக்கவில்லை. அப்படியிருந்தும் ஐந்து செய்திகள் பிழையான ஆளிடம் போயிருந்தன.

"இதைச் சொன்னால் பழி திரும்ப உன்னட்டைத்தான் வரும்" என்றேன். "ஒரு குரல் கேட்ட மாதிரி இருந்தது எண்டு சொல்லன். ஆர் வந்து பாக்கப்போறான்?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

வியாழக்கிழமை நிர்வாகக் கூட்டம். வாமதேவன் நடுவில் இருந்தார். ஸ்கானரை மேசையில் வைத்துவிட்டு நகுலா நின்றபடியே பேசினாள்.

"சாமான் நல்லம். பற்றரி இடம் துப்புரவு, அன்ரனா இறுக்கம், எங்கட சனல் தெளிவாய் எடுக்குது. வேறை ஆரும் அந்த விலைக்கு வாங்கினால் நட்டமில்லை. ஆனா எங்களுக்கு வேண்டாம். வெளியாலை ஒருத்தரும் குறுக்கை கதைக்கேல்லை."

"அப்ப போன வருசம் நடந்தது ஆரின்ர பிழை?" என்றார் வாமதேவன்.

"எல்லாரும் அண்ணை, எல்லாரும் நான்தான். பேர் சொல்ல மரியாதை விடாது. பதினாலு பேருக்கு அண்ணை எண்டால் வீல்செயர் எந்த அண்ணையிட்டைப் போறது?" கொஞ்சம் நிறுத்தினாள். "பாதிப் பிழை என்ர. மினிகப்பில நான் இலக்கம் சொல்லாத ஒருத்தனுக்கும் மறுமொழி சொன்னதில்லை. இஞ்சை பெரியாக்களிட்டை 'நீங்கள் ஆர்' எண்டு கேக்கக் கூச்சப்பட்டிட்டன். ஆனா பதட்டப்படேல்லை. அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளமாட்டன்."

கொப்பியை விரித்து மேசையில் வைத்தாள்.

அவள் கேட்டது ஒன்றுதான். ஒவ்வொரு வோக்கிக்கும் ஒரு இலக்கம், பேசும்போது முதலில் அது. வயது பார்க்கக்கூடாது. அதற்கு எழுந்த எதிர்ப்பு ஸ்கானர் விலைக்குக்கூட எழவில்லை. ஒருவர், "நாங்கள் என்ன ஜெயிலிலோ இருக்கிறம்?" என்றார். இன்னொருவர் "ஏழு அண்ணை" என்று சொல்லலாமா என்று கேட்டார். "சொல்லலாம், ஏழு முன்னுக்கு வந்தால் சரி" என்றாள். கடைசியில் வாமதேவன், "எனக்கு எத்தினை?" என்று முகம் கொடுக்காமல் கேட்டார்.

"ஒண்டு" என்றாள்.

ஸ்கானரை நானே றமணனிடம் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அக்கா என்ன சொன்னவ?" என்றான். சொன்னேன். சாமானைப்பற்றி அவள் சொன்னதையே ஒரு துண்டில் எழுதிக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவைத்தான். இரண்டு நாளில் வேறு யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம்.

ஆடி மாதத் தேர். போன வருடத்தைவிட வெயில். நான் ஒன்பதாம் இலக்கமாக வடத்துக்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தேன். பன்னிரண்டரை மணியளவில் வோக்கி இரைந்தது.

"பேஸ், பதினொண்டு. பள்ளிக்கூட மதிலடியில ஒரு ஐயா விழுந்திட்டார், மூச்சு இருக்குது."

"பதினொண்டு, பேஸ். பள்ளிக்கூட மதில். நாலு, வீல்செயரோட போங்கோ. ஆறு, முதலுதவிக்காரரைக் கூட்டிக்கொண்டு போங்கோ. மற்றாக்கள் கதைக்காதேங்கோ."

மூன்று நிமிடம். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மூன்றாவது நிமிடத்தில் அந்த ஐயா நாற்காலியில் இருந்தபடி தண்ணீர் குடிக்கிறார் என்று பதினொண்டு சொன்னார். பதினேழு வருடம் முப்பத்தெட்டுச் சாரதிகள் கேட்ட குரல் இதுதான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் அவளுடைய வேலை நேரத்தில் ஒருநாளும் அந்த அலுவலகத்துக்குப் போனதில்லை. பக்கத்தில் வடம் பிடித்தவரிடம், "அது என்ர மனுசி" என்று சொன்னேன். அவர் கேட்கவில்லைத்தான், ஆனாலும் சொன்னேன்.

தேர் கடைசித் தெருவுக்கு வந்தபோது வோக்கியில் ஒரு வயதான குரல் தொண்டையைச் செருமியது.

"பேஸ், ஒண்டு கதைக்கிறன். பிள்ளை, போன வருசம் உம்மைப்பற்றி நான் சொன்னது பிழை."

பதினான்கு பேருக்கும் கேட்டது. நானாக இருந்தால், "ஐயோ, பரவாயில்லை அண்ணை" என்று குழைந்திருப்பேன்.

"ஒண்டு, பேஸ்" என்றாள் நகுலா. "ஓம், பிழைதான். சனலை விடுங்கோ, தேர் திரும்பப்போகுது."